நாய்க்குட்டி கண்டதையும் தின்பதை நிறுத்த: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரையிலான குட்டி வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். தெருவில் கிடைக்கும் குட்டிகளைத் தத்துக்குப் போகும்வரை வீட்டில் வைத்து வளர்ப்பவள் நான். குட்டி புது வீட்டுக்குப் போன கொஞ்ச நாளில் அநேகமாக எல்லா வீட்டிலிருந்தும் ஒரே மாதிரி போன் வரும்: “அக்கா, கீழ கிடக்குறது எல்லாத்தையும் வாயில போடுறான். எவ்ளோ கத்தினாலும் விட மாட்டேங்குறான்.”

போய்ப் பார்த்தால் நடப்பது இதுதான். குட்டி எதையோ கவ்வுகிறது. யாரோ கத்துகிறார்கள். குட்டி சோபாவுக்கு அடியில் ஓடுகிறது. வீடே சேர்ந்து துரத்திப் பிடித்து, தாடையைப் பிளந்து, விரலை விட்டு நோண்டி எடுக்கிறது. சில தடவை இப்படி நடந்தால் குட்டிக்கு ஒன்று புரிந்துவிடும்: ஆள் கிட்டே வந்தால் வாயில் இருப்பது போய்விடும், அதற்குள் விழுங்கிவிட வேண்டும். கடித்து விளையாடிவிட்டுப் போட்டிருக்கக்கூடிய சாக்ஸை முழுசாக விழுங்கும் குட்டிகள் பலவும் இப்படி உருவானவைதான்.

அதனால் வரிசை முக்கியம். ஆபத்து வேளைக்குத் தயாராவது, உடம்பைப் பார்ப்பது, தரையைக் காலி செய்வது, மெல்லுவதற்கு நல்லதைக் கொடுப்பது. இவ்வளவும் ஆன பிறகு, வாயில் இருப்பதைப் போட வைக்கும் ‘விடு’. அதற்கும் பிறகுதான், எடுக்கும் முன்பே நிறுத்தும் ‘வேண்டாம்’. பல வீடுகளில் கடைசிப் படியில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

• கால் வைத்து அழுத்தினால் திறக்கும், மூடி நன்றாகப் பொருந்தும் குப்பைத் தொட்டி
• சமையலறை வாசலுக்கும் பூஜை அறைக்கும் தடுப்பு. குழந்தைகளுக்கு வைக்கும் கேட் போதும். இல்லையென்றால் ஒரு பலகை
• உடம்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ், சுமார் இரண்டு மீட்டர் நீளமுள்ள லேசான லீஷ் (பிடிகயிறு)
• உள்ளே சாப்பாடு திணிக்கக்கூடிய ரப்பர் பொம்மைகள் இரண்டு, மூன்று
• துணுக்குத் தீனி: வேகவைத்த கோழி, முட்டை; சைவ வீடானால் பனீர், வேகவைத்த கேரட். உப்பு, மசாலா சேரக்கூடாது. ஒவ்வொரு துணுக்கும் பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம்

துணுக்கு சின்னதாக இருக்க வேண்டிய காரணம், பயிற்சியில் நிறைய தடவை கொடுக்க வேண்டியிருக்கும். பெரிய பிஸ்கட்டாகக் கொடுத்தால் நாலு தடவையில் வயிறு நிறைந்து, குட்டி தூங்கப் போய்விடும்.

1. ஆபத்து வேளைக்கு முதலில் தயாராகுங்கள்

பயிற்சி பலன் தர வாரக்கணக்கில் ஆகும். குட்டி இன்றைக்கே எதையாவது விழுங்கலாம். அதனால் முதல் வேலை, இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று கண்டுபிடிப்பது. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பலருக்கும் தெரியும். நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளிலும் சிகிச்சைப் பிரிவு உண்டு. உங்களுக்குக் கிட்டே இருப்பது எது, ராத்திரி யார் இருப்பார்கள் என்று இன்றே போன் செய்து கேளுங்கள். நம்பரை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பக்கத்திலேயே குட்டியின் எடையை எழுதி, வாரா வாரம் மாற்றுங்கள். எவ்வளவு ஆபத்து, எவ்வளவு மருந்து என்பதையெல்லாம் மருத்துவர் எடையை வைத்தே கணக்கிடுவார்.

நம் வீடுகளில் இருக்கும் ஆபத்துகளை இடவாரியாக நினைவில் வைப்பது சுலபம்.

சமையலறையில்: வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வேகவைத்தாலும் பொடியாக இருந்தாலும் அப்படித்தான். ஆகவே மிச்ச சாம்பார் ஊற்றிய சாதம் குட்டிக்கு ஆகாது. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும், இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. பாயசத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் அது இருப்பதை யாரும் யோசிப்பதில்லை. சாக்லேட்டில் கறுப்பு அதிகமாக அதிகமாக விஷமும் அதிகம். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால், ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். வேகவைத்த எலும்பு கூர்கூராக உடையும். மாங்கொட்டையும் மக்காச்சோளக் கட்டையும் குடலில் அடைத்துக்கொள்ளும்.

பூஜை அறையில்: கற்பூரம் வலிப்பை உண்டாக்கும். எண்ணெயில் ஊறிய திரி குட்டிக்குத் தின்பண்டம் மாதிரி மணக்கும். சாமி படத்துக்குப் போட்ட மாலையில் செவ்வரளி இருந்தால் இரட்டை ஆபத்து: அரளி இதயத் துடிப்பைக் குலைக்கும், மாலை கட்டிய நார் குடலைச் சுருட்டி அறுக்கும். வாடிய மாலையைக் கழற்றி வாசல் ஓரமாக வைக்கும் பழக்கத்தைக் குட்டி வந்த அன்றே விட்டுவிடுங்கள்.

பெரியவர்கள் அறையில்: வெற்றிலைப் பெட்டி. பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு மூன்றுமே கெடுதல். மாத்திரைப் பட்டைகளும் அங்கேதான் இருக்கும். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்லோஃபினாக் என்று நாம் சாதாரணமாகப் போடும் வலி மாத்திரைகள் நாயின் கல்லீரலை, வயிற்றை, சிறுநீரகத்தைத் தாக்கும்.

மற்ற இடங்களில்: அலமாரி அந்துருண்டை, கொசுவத்தி, கொசு மருந்து பாட்டில், கழிவறை ஆசிட், ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் பொத்தான் பேட்டரி, நூல் கோத்த ஊசி, தலைமுடி ரப்பர், சானிட்டரி நாப்கின். தோட்டத்தில் அரளி, ஆமணக்கு விதை, ஊமத்தை, அழகுக்கு வைக்கும் சைகஸ். எலி மருந்து எந்த வகையானாலும் குட்டி இருக்கும் வீட்டில் வேண்டாம்.

விழுங்கிவிட்டது என்று தெரிந்தால் செய்ய வேண்டியது: உறையையும் மிச்சத்தையும் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள், மணியைக் குறித்துக்கொள்ளுங்கள், போன் செய்யுங்கள், கிளம்புங்கள். நஞ்சைச் சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போனால்தான் மருத்துவரால் வாந்தி எடுக்க வைத்துப் பெரும்பகுதியை வெளியேற்ற முடியும். ‘ஏதாவது ஆகுதான்னு பார்ப்போம்’ என்று காத்திருப்பதில் அந்த நேரம் போய்விடும். சில வகை எலி மருந்தில் ரத்தக்கசிவு வெளியே தெரியவே இரண்டு, மூன்று நாள் ஆகும். அதுவரை குட்டி ஓடி ஆடிக்கொண்டுதான் இருக்கும்.

செய்யக் கூடாதது: உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள். ரத்தத்தில் உப்பு ஏறி அதுவே உயிரை வாங்கும். ஆசிட், மண்ணெண்ணெய், கொசு மருந்து, கூரான பொருள், பேட்டரி எதை விழுங்கியிருந்தாலும் வீட்டில் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. போகும்போது செய்த சேதத்தைத் திரும்பி வரும்போதும் செய்யும், எண்ணெய் நுரையீரலுக்குள் போகும். பால், பச்சை முட்டை, விளக்கெண்ணெய் என்று அக்கம்பக்கத்தார் சொல்லும் எதையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கறுப்புப் பொடியாக வரும் ஜிங்க் பாஸ்பைடு எலி மருந்து வயிற்று அமிலத்தோடு சேர்ந்தால்தான் நச்சு வாயுவாகும். அந்த நேரத்தில் சாப்பாடு கொடுத்தால் அமிலம் சுரந்து விஷம் கூடும். குட்டி வாந்தி எடுத்தால் அந்த வாயு உங்களையும் பாதிக்கும் என்பதால், வண்டியின் ஜன்னலைத் திறந்தே வையுங்கள்.

வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது. மறுமுனை நாக்கடியிலோ குடலிலோ மாட்டியிருந்தால், இழுக்கும்போது நூல் குடலை அறுத்துவிடும். தொங்குவதை அப்படியே விட்டு மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள்.

2. உடம்பில் குறை இருக்கிறதா என்று பாருங்கள்

மண், சுவர்ச் சுண்ணாம்பு, கல் என்று உணவே அல்லாததைத் திரும்பத் திரும்பத் தேடித் தின்னும் குட்டியைப் பயிற்சிக்கு முன்னால் மருத்துவரிடம் காட்டுங்கள். பசியும் ரத்தசோகையும் தின்னச் சொல்லும்போது எந்தப் பயிற்சியும் நிற்காது.

உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் கொக்கிப்புழுவோ உண்ணிக் காய்ச்சலோ காரணமாக இருக்கலாம். இரண்டும் நம் ஊரில் மிகச் சாதாரணம். புழு தாயின் கர்ப்பத்திலும் பாலிலும் இருந்தே குட்டிக்கு வந்துவிடும் என்பதால், ‘வெளியவே விடல, எப்படிப் பூச்சி வரும்’ என்று கேட்பதில் பலனில்லை. பொதுவாகப் பிறந்த இரண்டாவது வாரத்தில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, தாய்ப்பால் மறந்தபின் ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை பூச்சி மருந்து கொடுப்பார்கள். மருந்தின் அளவை மருத்துவர் சொல்லட்டும்.

சாப்பாட்டையும் பாருங்கள். பால் சாதமும் தயிர் சாதமும் மட்டும் சாப்பிடும் குட்டிக்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் போதவே போதாது. மூன்று மாதம் வரை நாள் ஒன்றுக்கு நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை கொடுங்கள். இரண்டு வேளை மட்டும் கொடுத்துவிட்டு இடையில் குப்பையைக் கிளறுகிறது என்று திட்டுவது நியாயமில்லை.

3. தரையைக் காலி செய்யுங்கள்

எல்லாப் படியிலும் அதிகப் பலன் தருவது இதுதான். ஆனால் இதைத்தான் அரைகுறையாகச் செய்கிறார்கள். குட்டிக்கு ஒவ்வொரு திருட்டும் ஒரு பரிசு. குப்பைத் தொட்டியில் ஒரே ஒரு தடவை கோழி எலும்பு கிடைத்தாலும், அடுத்த பல நாளுக்கு அந்தத் தொட்டியைப் பார்த்துவிட்டுத்தான் வரும். பழக்கம் வராமல் தடுப்பது, வந்த பழக்கத்தை மாற்றுவதைவிட வெகு சுலபம்.

முழு வீட்டையும் ஒரே நாளில் சுத்தம் செய்ய முடியாது. ஒரு அறையைத் தேர்ந்தெடுங்கள், அல்லது கூடத்தின் ஒரு மூலையைத் தடுப்பு வைத்துப் பிரித்துவிடுங்கள். யாரும் கவனிக்க முடியாத நேரத்தில் குட்டி அங்கேதான் இருக்க வேண்டும்.

பிறகு தரையில் மண்டி போட்டு, குட்டியின் கண் உயரத்தில் சுற்றிப் பாருங்கள். நின்றபடி பார்த்தால் தெரியாதவை அப்போது தெரியும்: கட்டிலுக்கு அடியில் உருண்ட மாத்திரை, மிக்ஸி வயர், சோபா இடுக்கில் சில்லறை, பாதி பிரிந்த கால்மிதி, தையல் மிஷினுக்கு அடியில் நூல் துண்டு. காலியான பால் கவரைச் சிங்க் ஓரத்தில் போட்டு வைத்தால் குட்டி எட்டி இழுத்துவிடும். கழுவி, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

செருப்பு இன்னொரு இடம். வாசலில் திறந்த ஸ்டாண்டு இருந்தால் கதவுள்ளதாக மாற்றுங்கள். பழைய செருப்பைப் ‘பொம்மையாக’ கொடுப்பது பெரிய தவறு. பழசு, புதுசு என்ற வித்தியாசம் குட்டிக்குத் தெரியாது. தோலும் வியர்வையும் மணக்கும் எதையும் கடிக்கலாம் என்பதுதான் அதற்குப் புரியும்.

குட்டி உங்களோடு கூடத்தில் சுற்றும்போது ஹார்னஸில் லீஷை மாட்டி, மறுமுனையை உங்கள் இடுப்பிலோ நாற்காலிக் காலிலோ கட்டிக்கொள்ளுங்கள். துரத்த வேண்டிய அவசியமே வராது. துரத்தல் இல்லையென்றால் ஓட்டமும் இல்லை, அவசர விழுங்கலும் இல்லை. ஆளில்லாதபோது மட்டும் லீஷைக் கழற்றிவிடுங்கள், எங்காவது சுற்றிக்கொள்ளும்.

4. மெல்லுவதற்கு நல்லதைக் கொடுங்கள், தூங்கவும் விடுங்கள்

குட்டிக்குப் பால் பற்கள் 28. மூன்றரை, நாலு மாதத்திலிருந்து அவை விழத் தொடங்கி, ஆறு ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். அந்த மாதங்களில் ஈறு வலிக்கும், எதையாவது கடித்தே தீரும். ‘எதையும் கடிக்காதே’ என்று கேட்பது நடக்காத காரியம். எதைக் கடிக்கலாம் என்று காட்டித்தான் ஆக வேண்டும்.

நல்ல பொம்மைக்கு இரண்டு சோதனை. முழுசாக வாய்க்குள் போகாத அளவில் இருக்க வேண்டும். கட்டை விரல் நகத்தால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். அமுங்கவே இல்லையென்றால் பல் உடையும். இந்தக் காரணத்துக்காகவே மாட்டெலும்பையும் மான்கொம்பையும் நான் கொடுப்பதில்லை. கடையில் முடிச்சுப் போட்டு விற்கும் தோல் எலும்பு, ஊறி வழவழப்பாகிக் கடைசித் துண்டு தொண்டையில் சிக்கும். கயிற்றுப் பொம்மையை நீங்கள் கையில் பிடித்து விளையாடலாம், தனியாக விட்டுப் போகாதீர்கள்.

ரப்பர் பொம்மைக்குள் குட்டியின் சாப்பாட்டில் ஒரு பங்கைத் திணித்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள். குளிர்ச்சி ஈறுக்கு இதம், நக்கி எடுக்க நேரம் ஆகும். பொம்மைகளை மொத்தமாகப் பரப்பி வைக்காமல் இரண்டு மட்டும் வெளியே வைத்து, சில நாளுக்கு ஒரு முறை மாற்றினால் பழசும் புதுசாகத் தெரியும்.

தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் சின்னக் குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டும். வீட்டில் குழந்தைகள் பள்ளி விட்டு வந்து விளையாடிக்கொண்டே இருந்தால், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் குட்டி கால், புடவை, திரை என்று வெறி பிடித்த மாதிரி கடிக்கும். அது அடங்காத்தனம் கிடையாது, தூக்கக் கலக்கம். அந்த நேரத்தில் பயிற்சி வேண்டாம். மூலைக்குக் கூட்டிப்போய், ஃப்ரீசர் பொம்மையைக் கொடுத்து, விளக்கைக் குறையுங்கள்.

கசப்பு ஸ்பிரே சில குட்டிகளுக்கு வேலை செய்யும், பலவற்றுக்குச் செய்யாது. மேஜைக்கால் மாதிரி நகர்த்த முடியாத பொருளுக்கு மட்டும் முயன்று பாருங்கள். மிளகாய்த்தூளைத் தடவவே தடவாதீர்கள், கண்ணிலும் மூக்கிலும் படும்.

5. ‘விடு’: பிடுங்காமல் வாங்குவது

முதல் நாலு படியும் ஓரளவு ஒழுங்கான பிறகு இதைத் தொடங்குங்கள். குட்டி மனதில் ஏற்றப்போவது ஒன்றே ஒன்று: மனிதர் கிட்டே வந்தால் இருப்பது போகாது, இன்னும் நல்லது வரும்.

முதல் கட்டத்தில் குட்டி வாயில் எதுவுமே இருக்கக் கூடாது. அமைதியான இடத்தில் ‘விடு’ என்று ஒரு முறை சொல்லி, நாலைந்து துணுக்குகளைத் தரையில் தூவுங்கள். அது பொறுக்கும்போது விரலால் ஒவ்வொன்றையும் சுட்டிக் காட்டுங்கள். உங்கள் கை தன் வாய்க்குப் பக்கத்தில் வருவது நல்ல விஷயம் என்று அப்போதே பழகும். ஒரு தடவைக்கு சில நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை. சொல்லைக் கேட்டதும் குட்டி தானாகக் குனிந்து தரையைத் தேடினால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். வாயில் பொருள் இல்லாமல் ஏன் ஆரம்பிக்கிறோம் என்றால், பொருள் இருக்கும்போது இழப்பு பயமும் சேர்ந்து வரும். சொல்லின் மேல் நம்பிக்கை வந்த பிறகுதான் பயத்தை எதிர்கொள்ள முடியும்.

இரண்டாம் கட்டம், குட்டிக்கு அவ்வளவாகப் பிடிக்காத ஒரு பொம்மை. அது வாயில் இருக்கும்போது ‘விடு’, உடனே தூவல். தரையில் இருப்பதைத் தின்ன வாயைத் திறந்தே ஆக வேண்டும், பொம்மை விழும். விழுந்ததை உடனே எடுத்து ஒளித்து வைக்காதீர்கள். துணுக்குகள் தீர்ந்ததும் பொம்மையைத் திருப்பிக் கொடுங்கள். பலர் தவறுவது இங்கேதான். ‘விடு’ என்றாலே பொருள் நிரந்தரமாகப் போய்விடும் என்றானால், இரண்டு நாளில் குட்டி அந்தச் சொல்லைக் கேட்டதும் ஓட ஆரம்பிக்கும். பயிற்சியில் பெரும்பாலான தடவை திருப்பிக் கொடுத்தால்தான், நிஜமாகவே பறிக்க வேண்டிய ஒரு நாளில் அது உங்களை நம்பி விடும்.

மூன்றாம் கட்டத்தில் பிடித்த பொம்மை, பிறகு ஃப்ரீசர் பொம்மை, பிறகு நீங்களே வேண்டுமென்று போட்டு வைத்த காலி அட்டைப்பெட்டி என்று மதிப்பைக் கூட்டுங்கள். ஒரு கட்டத்தில் விடவில்லையென்றால் முந்திய கட்டத்துக்குப் போங்கள். சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்தாதீர்கள். ‘விடு, விடு, விடு’ என்று பத்து தடவை கேட்ட குட்டிக்கு அது வெறும் சத்தமாகிவிடும்.

இதற்கிடையில் நிஜமாகவே எதையாவது திருடினால்? பொருள் ஆபத்தில்லாதது என்றால் (காகிதம், அட்டை) கண்டுகொள்ளாமல் எழுந்து சமையலறைக்குப் போய்த் துணுக்கு டப்பாவைத் திறங்கள். நீங்கள் துரத்தாததால் சலித்துப்போய்த் தானே போட்டுவிட்டு வரும். ஆபத்தானது என்றால், குரலை உயர்த்தாமல், நேராகப் பாயாமல், இரண்டடி தள்ளிக் கோழித் துணுக்குகளை வரிசையாகத் தூவி, குட்டி நகர்ந்து போன பிறகு பொருளை எடுங்கள். மூக்குக்குக் கீழே கையை நீட்டி எடுத்தால், அடுத்த முறை துணுக்கைப் பார்த்தும் வாயைத் திறக்காது. தொண்டையில் சிக்கி மூச்சுத் திணறினால் மட்டும் யோசிக்காமல் வாயைத் திறந்து பாருங்கள்.

பொருளின் மேல் முகத்தை வைத்து உடம்பை விறைத்தாலோ உறுமினாலோ நின்றுவிடுங்கள். உறுமலுக்கு அடிக்கக் கூடாது. உறுமல் ஒரு முன்னெச்சரிக்கை; அதை அடித்து அடக்கினால் அடுத்த முறை எச்சரிக்காமல் கடிக்கும். அப்படிப்பட்ட குட்டிக்கு, அதிலும் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், அனுபவமுள்ள பயிற்சியாளர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பதே சரி. அடித்துப் பழக்கும் பயிற்சியாளரைத் தவிர்த்துவிடுங்கள்.

6. ‘வேண்டாம்’: எடுக்கும் முன் நிறுத்துவது

‘விடு’ நன்றாக வந்த பிறகுதான் இது. ஏனென்றால் ‘வேண்டாம்’ தோற்கும் ஒவ்வொரு முறையும் உங்களுக்கு ‘விடு’ தேவைப்படும்.

துணுக்கை உள்ளங்கையில் வைத்து மூடிக் குட்டியின் முன் நீட்டுங்கள். நக்கும், பிராண்டும். பேசாமல் இருங்கள். ஒரு நொடி முகத்தைப் பின்னால் இழுத்தாலும் ‘சபாஷ்’ என்று சொல்லி மற்ற கையிலிருந்து கொடுங்கள். மூடிய கையில் இருப்பதை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் ‘கொஞ்சம் காத்திருந்தால் அதுவே கிடைக்கும்’ என்று கற்றுக்கொள்ளும். குப்பையில் கிடக்கும் எலும்பின் முன் காத்திருக்கும் குட்டி நமக்கு வேண்டாம், விலகிப்போகும் குட்டிதான் வேண்டும்.

கையைக் கண்டதும் குட்டி தானாக விலகத் தொடங்கிய பிறகே ‘வேண்டாம்’ என்ற சொல்லைச் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு திறந்த உள்ளங்கை, பிறகு தரையில் வைத்துக் காலால் மூடத் தயாராக, பிறகு லீஷில் கட்டி அதைத் தாண்டி நடப்பது. கால் மூடத் தயாராக இல்லாமல் தரைக் கட்டத்துக்கு அவசரப்பட்டால், ஒரு தடவை பாய்ந்து தின்றுவிடும். அந்த ஒரு வெற்றி பல நாள் வேலையைக் கெடுக்கும்.

7. தெருவில்

தடுப்பூசித் தொடர் முடியும்வரை, பொதுவாக நாலு மாதம் ஆகும்வரை, மற்ற நாய்கள் புழங்கும் மண்ணில் குட்டியை இறக்காதீர்கள். குட்டிகளுக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதுவரை தூக்கிக்கொண்டு போய் ஊரைக் காட்டலாம்.

நடக்கத் தொடங்கிய பிறகு, உங்கள் கண் போனில் இருக்கக் கூடாது. நாலைந்து அடி முன்னால் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பிரியாணிப் பொட்டலம், மீன் கழிவு, நாப்கின், சாப்பிட்டுப் போட்ட இலை எல்லாம் குட்டிக்கு முன்னால் உங்கள் கண்ணில் பட வேண்டும். பட்டதும் விலகி நடந்து, குட்டி உங்களோடு வந்ததும் துணுக்கு கொடுங்கள். லீஷை இறுக்கிப் பிடித்தபடி போகாதீர்கள். இறுக்கம் தெரிந்தால் குட்டி இழுக்கும், இழுக்கும்போது தலை தரையிலேயே இருக்கும். உங்கள் தெருவில் குப்பை வண்டி வந்துபோன பிறகு கூட்டிப்போவது பாதி வேலையைக் குறைக்கும்.

எவ்வளவு செய்தும் நடக்கும்போதே விழுங்கும் குட்டிகள் உண்டு, லேப்ரடார்களில் அதிகம். அவற்றுக்குக் கூண்டு வடிவ வாய்மூடி நல்லது. துணி வாய்மூடி வேண்டவே வேண்டாம். நாய் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். நம் வெயிலில் வாயைக் கட்டினால் வெப்ப மயக்கம் வரும். கூண்டுக்குள் துளி தயிர் தடவி, தானாக மூக்கை விடப் பழக்கி, நாள் நாளாக நேரத்தைக் கூட்டுங்கள். முதல் நாளே மாட்டி இழுத்துப்போனால் அதைக் கண்டாலே ஓடும்.

8. மலம், சாணி, கல்

குட்டி தன் மலத்தைத் தின்பதைப் பார்த்துப் பதறுவார்கள். தாய் நாய் குட்டிகளை நக்கிச் சுத்தம் செய்யும், குட்டிகள் அதையே செய்து பார்க்கும். பெரும்பாலும் வளர வளரப் போய்விடும். அடிப்பதும் மூக்கைத் தேய்ப்பதும் ‘ஆள் வருமுன் தின்று மறைத்துவிடு’ என்றுதான் சொல்லிக்கொடுக்கும். கழித்து முடித்த நொடியே பேரைச் சொல்லிக் கூப்பிட்டுத் துணுக்கு கொடுங்கள், இன்னொரு கையால் அள்ளிவிடுங்கள். சில வாரங்களில் கழித்ததும் உங்களைத் தேடி ஓடிவரப் பழகிவிடும். மற்ற நாய்களின் மலத்தில் புழு முட்டை இருக்கும், அவற்றில் சில நம் குழந்தைகளுக்கும் தொற்றும்.

மாட்டுச்சாணி பெரும்பாலும் வயிற்றுப்போக்கோடு போகும். ஆனால் கோலி (Collie) இன நாய் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: மாட்டுக்குப் போட்ட ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து சாணியில் வரும், அந்த இனத்தில் பல நாய்களுக்கு அது மூளையைத் தாக்கும்.

கல் விஷயத்தில் பொறுமையாக இருக்கக் கூடாது. வீடு கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டிகள் ஜல்லியை விழுங்கும். ஒரு முறை விழுங்கிய குட்டியை அந்த இடத்தில் லீஷ் இல்லாமல் விடாதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டை ஒதுக்குவது, மலம் வராதது, வயிற்றைத் தொட்டால் வலி, முன்னங்காலைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கி நிற்பது: இவை குடல் அடைப்பின் அடையாளங்கள். கல்லும் உலோகமும் எக்ஸ்ரேயில் தெரியும். துணி, பிளாஸ்டிக், நூல் பெரும்பாலும் தெரியாது. அதனால் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் வாந்தி நிற்கவில்லையென்றால் ஸ்கேன் எடுக்கலாமா என்று கேளுங்கள்.

9. வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி

அம்மா ‘போடு’ என்பார், தாத்தா ‘ச்சீ’ என்பார், பையன் ‘நோ’ என்பான். குட்டிக்கு மூன்றும் மூன்று சொல். ‘விடு’, ‘வேண்டாம்’ இரண்டையும் தாளில் எழுதி, ஃப்ரிட்ஜில் மருத்துவமனை நம்பருக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும் சொல்லுங்கள்; பெருக்கும்போது முதலில் பார்ப்பவர் அவர்தான். குழந்தைகளுக்கு ஒரே விதி: குட்டி வாயில் எதையாவது பார்த்தால் தொடாமல் பெரியவரைக் கூப்பிட வேண்டும்.

சாப்பிடும் மேஜையிலிருந்து யாரும் எதுவும் போடக் கூடாது. தாத்தா பாசத்தில் கொடுக்க ஆசைப்பட்டால், அவர் கையில் துணுக்கு டப்பாவைக் கொடுத்து, குட்டியின் தட்டில் வைக்கச் சொல்லுங்கள். அவருக்கும் குறையில்லை, குட்டிக்கும் பழக்கம் கெடாது.

10. கட்டுப்பாட்டைத் தளர்த்துவது எப்போது

பல் மாறி முடிந்த ஆறேழு மாதத்தில் ‘இனி பரவாயில்லை’ என்று தடுப்பை எடுத்துவிடுகிறார்கள். எட்டு மாதத்துக்கு மேல் இன்னொரு கடிக்கும் பருவம் வரும், இப்போது தாடையிலும் வலு கூடியிருக்கும். ஒரு வயது வரைக்கும் தடுப்பும் மூடிய தொட்டியும் இருக்கட்டும்.

தளர்த்தும்போது ஒரு நேரத்தில் ஒரு அறை. நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது அரை மணி நேரம், பிறகு பக்கத்து அறைக்குப் போய் வரும் சில நிமிடம், பிறகு கடைக்குப் போய் வரும் நேரம். இரண்டு வாரம் அந்த அறையில் எதையும் எடுக்கவில்லையென்றால் அடுத்த அறையைத் திறங்கள். எடுத்துவிட்டால் ஒரு அறை பின்வாங்குங்கள். தீபாவளிக்கும் வீட்டு விசேஷத்துக்கும் மட்டும், எவ்வளவு பழகிய நாயாக இருந்தாலும், மூலைத் தடுப்பைத் திரும்பப் போடுங்கள். வெடிக்காத பட்டாசு, இலைக் குப்பை, விருந்தாளியின் கைப்பையில் இருக்கும் மாத்திரை எதுவும் அன்று உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது.